யானையின் வாசலில் ஒரு வாடகை அறை

2021 ஜனவரி 19. நீலகிரி மாவட்டம் மசினகுடியில், காயம்பட்ட ஆண் யானை ஒன்றை மயக்க ஊசி போட்டு, கும்கிகளின் துணையோடு லாரியில் ஏற்றி, தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். போய்ச் சேர்வதற்குள் அது இறந்துவிட்டது. முதுகில் ஏற்கனவே ஒரு காயம் இருந்தது. அது போதாதென்று ஒரு காது கருகிக் கிழிந்திருந்தது. காது எப்படிக் கருகியது என்பது சில நாள் கழித்து வெளிவந்த செல்போன் வீடியோவில் தெரிந்தது. இரவு நேரம். தங்கும் விடுதிக்குப் பக்கத்தில் வந்து நின்ற யானையின்மேல் எரிகிற டயரைத் தூக்கி எறிகிறார்கள். அது காதில் மாட்டிக்கொள்கிறது. தலையில் தீயோடு யானை இருட்டுக்குள் ஓடுகிறது. ஊரே கொதித்தது. இருவர் கைதானார்கள். முறையான அனுமதி இல்லாமல் நடந்துவந்த அந்த விடுதிக்குச் சீல் வைத்தார்கள்.

நான்கே நாள். ஜனவரி 23 இரவு, கேரளத்தின் வயநாடு மாவட்டம் மேப்பாடி அருகே மலையில் கூடாரம் போட்டுத் தங்க வந்திருந்த ஓர் இளம்பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. அங்கே கூடாரம் அடிக்க அனுமதியே கிடையாது என்பது அதற்குப் பிறகுதான் பேச்சாயிற்று. அந்த இடமும் மூடப்பட்டது.

முதல் செய்தியைப் பத்திரிகைகள் 'கொடூரம்' என்று போட்டன. இரண்டாவதை 'பரிதாபம்' என்று போட்டன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. ஆனால் இரண்டும் ஒரே கடையில் விற்ற சரக்கு. அந்தக் கடையின் பெயர் 'வித்தியாசமான தங்குமிடம்'.

சாதாரண லாட்ஜில் தங்குவது இப்போது யாருக்கும் பிடிப்பதில்லை. மர வீடு வேண்டும், கண்ணாடிக் குடில் வேண்டும், பள்ளத்தாக்கின் விளிம்பில் கூடாரம் வேண்டும், படுக்கையில் படுத்தபடியே காட்டெருமையைப் பார்க்க வேண்டும். கேட்பதில் தவறில்லை. வாரம் ஆறு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவனுக்கு ஏழாவது நாள் மரத்தின்மேல் ஏறி உட்காரத் தோன்றினால், அதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. குரங்கு ரத்தம்தானே, எங்கே போகும்! சிக்கல் எங்கே என்றால், அந்த ஆசையைக் காசாக்குகிறவர்கள் அவனிடம் ஒரு விஷயத்தைச் சொல்வதே இல்லை. 'யானைக்கு மிக அருகில்' என்று விளம்பரம் போடுகிறவர்கள், யானை ஏன் அந்த இடத்துக்கு அவ்வளவு அருகில் வருகிறது என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அதைச் சொல்ல வேண்டுமானால் சீகூர் மேட்டுநிலத்தின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கினால் வருவது இந்த நிலம். மேலே குளிரும் பச்சையுமாக இருந்தது, கீழே இறங்கியதும் முள்ளும் புதரும் செம்மண்ணுமாக மாறிவிடும். மழை மறைவுப் பகுதி. தெற்கே நீலகிரி மலை சுவர் மாதிரி செங்குத்தாக நிற்கிறது. வடக்கே மாயாறு தோண்டிய பெரும் பள்ளம். நடுவில் ஒரு பட்டையாகக் கிடக்கிறது சமநிலம். யானை மலையேறும், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சுவர் ஏறாது. குட்டிகளையும் கிழட்டு யானைகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு கூட்டம் போக வேண்டுமென்றால், அதற்கு இருக்கும் வழி இந்தப் பட்டைதான். மேற்கே முதுமலை, பந்திப்பூர், வயநாடு. கிழக்கே சத்தியமங்கலம். மேற்குத் தொடர்ச்சி மலையும் கிழக்குத் தொடர்ச்சி மலையும் கைகோக்கிற இடம் இது. ஆசிய யானைகள் உலகத்திலேயே மிக அதிகமாக வாழும் காட்டுத்தொடரின் கழுத்து என்று சொன்னால் மிகையில்லை.

யானை சும்மா ஊர் சுற்றுவதில்லை. ஒரு நாளைக்கு நூற்றைம்பது கிலோ அளவுக்குத் தின்ன வேண்டும், நூறு லிட்டருக்குமேல் குடிக்க வேண்டும். எந்தக் காடும் ஒரே இடத்தில் அதை வருஷம் முழுக்கக் கொடுக்காது. தென்மேற்குப் பருவமழைக்கு ஒரு பக்கம், வடகிழக்குப் பருவமழைக்கு இன்னொரு பக்கம். எந்த மாதம் எந்த ஓடையில் தண்ணீர் நிற்கும் என்பது கூட்டத்தை நடத்திச் செல்லும் மூத்த பெண் யானைக்குத் தெரியும். அவள் அதைத் தன் தாயிடமிருந்து கற்றிருப்பாள். இதைத்தான் வலசை என்கிறார்கள்.

இப்போது அந்தக் கழுத்தில் கைவைத்தவர்களைப் பார்க்கலாம். மசினகுடி, பொக்காபுரம், வாழைத்தோட்டம், மாவனல்லா என்று வரிசையாக ரிசார்ட்டுகள் முளைத்தன. ஒவ்வொன்றும் தன் நிலத்தைச் சுற்றி வேலி போட்டது. சிலர் மின்வேலி. ஒரு வேலியை யானை சுற்றிப் போய்விடும். பத்து வேலியை? இரவில் விளக்கு, தீ மூட்டி ஆட்டம், ஒலிபெருக்கி. போதாக்குறைக்கு, விருந்தினர் கண்ணில் மான் படவேண்டும் என்று உப்பு வைக்கிறவர்கள், ராத்திரியில் கள்ளத்தனமாக ஜீப்பில் கூட்டிப்போய் டார்ச் அடித்து மிருகம் காட்டுகிறவர்கள். முதுமலை, பந்திப்பூர் காட்டுச் சாலைகளில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை விலங்குகளுக்காக வண்டிப் போக்குவரத்தையே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆம்புலன்சும் ஒரு சில பேருந்துகளும்தான் விதிவிலக்கு. சரக்கு லாரிக்காரன் சோதனைச்சாவடியில் விடியும்வரை கொட்டாவி விட்டுக்கொண்டு காத்துக்கிடக்கிறான். சில கிலோமீட்டர் தள்ளி ஒரு விடுதியில் நள்ளிரவுவரை குத்துப்பாட்டு. எந்த ஊர் நியாயம் இது?

அரசு இதைக் கண்டுகொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2010-இல் தமிழக அரசு சீகூர் பகுதியை யானை வழித்தடம் என்று அறிவித்தது. விடுதிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் அரசாணை செல்லும் என்றது. அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஆகஸ்டில் அந்த நீதிமன்றத்தின் உத்தரவுப்படி அனுமதியில்லாத விடுதிகளுக்குச் சீல் விழுந்தது. 2020 அக்டோபர் 14 அன்று உச்ச நீதிமன்றமும் வழித்தட அறிவிப்பை உறுதிசெய்து, தனித்தனி ஆட்சேபணைகளைக் கேட்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. பத்து வருஷம்! அந்தத் தீர்ப்பு வந்து நான்கு மாதம் முடிவதற்குள் எரிந்த காதோடு யானை லாரியில் போகிறது. சட்டம் ஒரு வேகத்தில் போகிறது, டயர் வேறு வேகத்தில் போகிறது.

விடுதிக்காரர்கள் தரப்பில் சொல்லப்படுவதையும் கேட்டுவிடுவது நல்லது. "இது பட்டா நிலம், காசு கொடுத்து வாங்கியது" என்பார்கள். வாங்கியிருக்கலாம். பட்டா இருக்கிறது என்பதற்காகத் தாழ்வான நிலத்தை வாங்கிப் போட்டு ஓடையை அடைத்து வீடு கட்டினவன், மழைக்காலத்தில் தண்ணீரிடம் பத்திரத்தை நீட்டிக் காட்ட முடியுமா? சென்னைக்காரர்களுக்கு 2015 டிசம்பரிலேயே இதற்குப் பதில் கிடைத்துவிட்டது. நீருக்கு ஒரு வழி இருப்பதுபோல யானைக்கும் ஒரு வழி.

அடுத்தது, "உள்ளூர் மக்களுக்கு வேலை கொடுக்கிறோம்." இதைச் சட்டென்று தள்ளிவிட முடியாது. ஜீப் ஓட்டுகிறவர், சமையல்காரர், அறை பெருக்கும் பெண், காய்கறிக் கடைக்காரர் எல்லோருக்கும் அந்த வருமானம் உண்மை. விடுதிகள் மூடப்பட்டபோது அவர்கள் வீட்டு அடுப்பும் தடுமாறியது. வழித்தடம் என்றதும் தன் ஒற்றை வீடும் பறிபோய்விடுமோ என்று பயந்த சிறு விவசாயியின் பயமும் பொய்யில்லை. தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கும் இருளர், குறும்பர் குடும்பங்களையும் நேற்று வந்த நீச்சல்குள விடுதியையும் ஒரே பட்டியலில் வைத்துப் பேசுவது அநியாயம். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் வந்ததே அந்த மக்களை வெளியாள் மாதிரி நடத்தக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் இதையே கேடயமாகப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்துகொள்வது யார் என்று பார்க்க வேண்டும். அறை பெருக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம். அறை வாடகை போய்ச்சேருவது வேறு இடத்தில். விடிகாலையில் அதே பெண் வேலைக்கு நடந்து வரும் பாதையில்தான் யானை நிற்கிறது. வேலியால் திசைமாறி, வெடிச்சத்தத்தால் மிரண்டு, கோபமாக நிற்கிறது. விருந்தினர் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாகத் தூங்குகிறார்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் நாகரிகமானது. "மக்கள் காட்டை நேரில் பார்த்தால்தானே அதை நேசிப்பார்கள்?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ரிவால்டோவின் கதையைச் சொன்னால் இதற்குப் பதில் கிடைத்துவிடும்.

பிரேசில் கால்பந்து வீரரின் பெயரைக் கொண்ட ஓர் ஆண் யானை அது. மசினகுடி, வாழைத்தோட்டம் வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த முகம். தும்பிக்கையின் நுனி காயத்தில் சேதமானது. பார்வையும் சரியில்லை. பாவம் என்று மனிதர்கள் பழம் கொடுத்தார்கள். அன்போடுதான் கொடுத்தார்கள், அதில் சந்தேகமில்லை. யானை வீட்டு வாசலுக்கு வந்து நிற்கப் பழகியது. பார்க்க வந்தவர்களுக்குக் கொண்டாட்டம், படம் எடுத்துத் தள்ளினார்கள். முடிவு? காட்டு யானை ஒன்று மனிதர்களை விட்டு விலகத் தெரியாத யானையாக ஆனது. 2021 மே மாதம் அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்தார்கள். மூன்று மாதம் போல உள்ளே. ஆகஸ்டில் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, தொலைவில் காட்டுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். ஓரிரு நாளில் திரும்ப நடந்து மசினகுடிப் பக்கமே வந்துவிட்டது!

அதற்குத் தெரிந்த ஊர் அதுதான். நேசித்தவர்களால்தான் அது கூண்டுக்குப் போனது. நேசம் இருந்தால் போதும் என்கிறவர்கள் இந்த ஒரு யானைக்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசலாம்.

அப்படியானால் வித்தியாசமான இடங்களில் தங்கவே கூடாதா? ஏன் கூடாது! அதற்காகவே பெயர்பெற்ற இரண்டு இடங்களைப் பார்த்தால் வேறுபாடு புரியும். ஸ்வீடனின் வடகோடியில் யூக்கஸ்யார்வி என்று ஒரு சிற்றூர். அங்கே 1990-ஐ ஒட்டித் தொடங்கி, ஒவ்வொரு குளிர்காலத்திலும் டோர்னே ஆற்றின் பனிக்கட்டியை வெட்டியெடுத்து ஒரு ஹோட்டலையே கட்டுகிறார்கள். சுவர் பனி, கட்டில் பனி. அறைக்குள் சுமார் மைனஸ் 5 டிகிரி. விருந்தினர் கலைமான் தோலின்மேல், தடித்த உறக்கப்பைக்குள் சுருண்டு படுக்க வேண்டும். வசந்தம் வந்தால் ஹோட்டல் உருகி வந்த ஆற்றுக்கே திரும்பிப் போய்விடுகிறது. (2016-இல் குளிரூட்டி வைத்து வருஷம் முழுக்க இயங்கும் ஒரு பகுதியையும் பக்கத்தில் கட்டிவிட்டார்கள். வியாபாரம் என்று வந்தால் பனிக்கும் ஓய்வு கிடையாது போலும்.) இன்னொன்று அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், கீ லார்கோவில் இருக்கிறது. கடலடி ஆராய்ச்சிக்கூடமாக இருந்த ஒன்றை 1986-இல் தங்கும் விடுதியாக மாற்றினார்கள். ரிசப்ஷனுக்கு வண்டியில் போய் இறங்குகிற வேலையெல்லாம் நடக்காது. காற்றுக்குழாயைக் கவ்விக்கொண்டு ஏழு மீட்டர் போலத் தண்ணீருக்குள் முக்குளித்து இறங்கினால்தான் அறை வாசல் வரும். இறங்கத் தெரியாதவர் முதலில் சொல்லிக்கொடுப்பவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டிலும் கஷ்டப்படுவது யார்? வந்தவர். குளிரைத் தாங்க வேண்டியவர் அவர், மூச்சைப் பழக்க வேண்டியவர் அவர். சாகசம் என்ற வார்த்தைக்கு அங்கே பொருள் இருக்கிறது. மசினகுடியின் சொகுசுக் குடிலில் வந்தவருக்கு ஏசி, சுடுதண்ணீர், தந்தூரி. பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது, வழியை விட வேண்டியது, வெளிச்சத்தைத் தாங்க வேண்டியது எல்லாம் யானை. விருந்தினர் சாகசம் செய்ததாகப் படம் போடுகிறார். சாகசம் செய்தது யார் என்று யானையைக் கேட்டால் தெரியும்.

இதில் வந்தவருக்கும் பாதுகாப்பு இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். யானைப் பாதையில் துணிக் கூடாரம் அடித்துக் கொடுத்து, "ஒன்றும் ஆகாது சார், தினமும் வரும், போகும்" என்று சொல்லுகிறவனுக்கு உண்மையிலேயே ஒன்றும் ஆவதில்லை. ஆவது கூடாரத்துக்குள் இருப்பவருக்கு. 2021-க்குப் பிறகாவது மேப்பாடிப் பக்கம் புத்தி வந்ததா என்றால், 2025 மே மாதம் அதே வட்டாரத்தில் தொள்ளாயிரங்கண்டி என்ற இடத்தில் ஒரு ரிசார்ட்டின் குடில் சரிந்து விழுந்து இன்னோர் இளம்பெண் இறந்தார். இந்தமுறை யானையே தேவைப்படவில்லை. கம்பு நட்டு ஓலை போட்டால் 'இயற்கையோடு இணைந்த தங்குமிடம்' ஆகிவிடுகிறது. அதன்மேல் மழை பெய்தால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கவேண்டிய பொறியாளர் எங்கே? வித்தியாசம் என்ற பெயரில் கழற்றிவிடப்படும் முதல் பொருள் பாதுகாப்பு. சாதாரண லாட்ஜ் ஒன்றில் கூரை ஒழுகினால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சண்டை போடுகிற ஆள், மர வீட்டில் ஏணி ஆடினால் 'த்ரில்லாக இருந்தது' என்று எழுதிவிட்டுப் போகிறார்.

விடுதிக்காரரையும் அதிகாரியையும் திட்டுவது சுலபம். அவர்கள் வாங்கவேண்டிய திட்டை வாங்கட்டும். ஆனால் அறையை எடுக்கிறவர் இல்லாமல் அறை இல்லை. படித்தவர்தான் அவர். போனை வாங்கும்போது பத்துக் கடையில் விசாரிக்கிறவர். பிளாஸ்டிக் பையைக் கையால் தொடாதவர். காட்டில் ரூம் போடும்போது மட்டும், வீடியோவில் யானை எவ்வளவு பக்கத்தில் தெரிகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார். நீதிமன்றத்துக்குப் பத்து வருஷம் பிடித்த வேலையை அவர் ஒரு சீசனில் முடித்துவிடலாம். காலியாகக் கிடக்கும் அறைக்கு யாரும் மின்வேலி போடமாட்டார்கள்.

முதுமலையைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு வேறு வழி இல்லையா என்றால், இருக்கிறது. புலிகள் காப்பகத்தின் சொந்தத் தங்கும் அறைகள் தெப்பக்காடு பக்கம் இருக்கின்றன. முன்பதிவு செய்ய வேண்டும். நீச்சல்குளம் கிடையாது, ராத்திரி ஆட்டம் கிடையாது, நினைத்த நேரத்தில் வெளியே சுற்றவும் முடியாது. காப்பகத்தின் வண்டியில் குறித்த நேரத்துக்குக் கூட்டிப்போவார்கள். யானை வந்தால் வரும், வராவிட்டால் மானையும் மயிலையும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அதுவும் பிடிக்கவில்லையா, கூடலூரிலோ ஊட்டியிலோ படுத்துக்கொண்டு பகலில் வந்துபோகலாம். இரவு காட்டில் மனிதன் இல்லாமல் இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

தனியார் இடம்தான் வேண்டும் என்கிறவர் பணம் அனுப்புவதற்கு முன் போனில் நாலு கேள்வி கேட்டுப் பார்க்கட்டும். கட்டடத்துக்குப் பஞ்சாயத்து அனுமதி இருக்கிறதா? மலையிடப் பாதுகாப்புக்கென்று இருக்கும் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? சுற்றிலும் என்ன வேலி? ராத்திரி எத்தனை மணிக்கு விளக்கை அணைப்பார்கள்? பதில் சொல்லத் தடுமாறி, "அதெல்லாம் எதுக்கு சார், இங்க வந்தா யானை கண்டிப்பா பாக்கலாம், கேரண்டி" என்று எதிர்முனையில் குரல் வந்தால், அந்த இடத்திலேயே போனை வைத்துவிடலாம்.